சிவப்பு உள்ளங்கை

என் மகள் சொல் பேச்சுக் கேட்கமாட்டாள், படப் பேச்சுக் கேட்பாள். இது எனக்குத் தெரியவந்த வருஷத்தில் நான் பொறாமையில் வெந்து போனேன். யார்மேல் பொறாமை என்று கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் ஓர் அட்டைத் துண்டின்மேல். பிறகு அந்த அட்டையை வெட்டி, படம் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய டீச்சர்மேல். இன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் என் பிள்ளையின் மணிக்கட்டு தப்பியிருக்கும்.

மலேசியாவில், சிரம்பான் பக்கம், மம்பாவைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே பால்மரம் சீவினோம். தோட்டத்தில் எனக்கு இரண்டு விஷயங்களில் பெயர். ஒன்று, என் தொண்டை. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையின் ஒரு கோடியில் நின்று நான் ஆட்டைக் கூப்பிட்டால் மறு கோடியில் இருப்பவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறேனோ என்று எட்டிப் பார்ப்பார்கள். இன்னொன்று, என் மகளை என்னால் மட்டும்தான் சமாளிக்க முடியும் என்பது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. பேச்சு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஃபாக்டரி சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவாள். சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுக் குழம்பு பட்டால் தட்டு பறக்கும். கடைக்கு ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்பினால் நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஆட்களை முகம் பார்த்து அறியமாட்டாள். கையைப் பிடித்து மூக்கருகே கொண்டு போய் முகர்ந்து பார்ப்பாள், பிடித்திருந்தால் விடமாட்டாள், பிடிக்காவிட்டால் உதறிவிடுவாள். என் கையில் ஒட்டுப்பால் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாடையைத் தேடி வந்து அவள் என் விரல்களை முகர்வாள். அந்தப் பெருமை எனக்கு ரொம்ப நாள் போதுமானதாக இருந்தது.

இந்தக் காலத்தில் அதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெயர் ‘அந்தப் புள்ள’. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மூளை வளர்ச்சி பத்தாது என்றார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தினம் ஒரு தடவையாவது சொல்வார்: “நீ இல்லாட்டி இந்தப் புள்ளைய யாரு கட்டி மேய்க்கிறது சொல்லு.” நான் என்னக்கா செய்றது, என் தலையெழுத்துலா என்று பெருமூச்சு விடுவேன். உள்ளே வயிறு குளிர்ந்து போகும்.

நான் கற்றுக்கொடுத்து அவள் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் சாமி மாடத்துக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவேன். சிரம்பான் துணிக்கடையில் கொடுத்த காலண்டரிலிருந்து வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்ட முருகன் படம் அது. அதைப் பார்த்ததும் கைகளைக் குவிப்பாள், கண்ணை மூடுவாள், நெற்றியை முன்னால் நீட்டுவாள். நான் திருநீறு வைக்கும்வரை அப்படியே நிற்பாள். வைத்துவிட்டால் என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இரண்டு நிமிஷம்தான், ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளில் சத்தமில்லாத இரண்டு நிமிஷம் அதுதான்.

டிரெசர்தான் ஒரு நாள் கூப்பிட்டு, சிரம்பான் பக்கத்தில் ஓர் அரசாங்கப் பள்ளியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு திறந்திருக்கிறார்கள், எழுதிப் போடு என்றார். எழுதிப் போட்டோம். தலைமையாசிரியர் மலாய்க்காரர், நிதானமான மனிதர். என் மகள் அவருடைய மேசைமேல் இருந்த மணியைத் தூக்கி எறிந்ததையும் பார்த்துக்கொண்டு, தெங்கோ டுலு, பார்ப்போம் முதலில் என்றார். மூன்று மாதம். அதற்குள் மற்றப் பிள்ளைகளை அடிக்காமல், தன்னையும் காயப்படுத்திக்கொள்ளாமல் உட்காரக் கற்றுக்கொண்டால் இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள், காத்திருப்பவர்கள் பலர். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “இந்த எடமும் போச்சுன்னா நம்ம காலத்துக்கப்புறம் அவ கதி என்னான்னு நெனச்சுக்க.”

அந்த மூன்று மாதமும் நான் மரம் சீவப் போகவில்லை. காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஜம்பு மரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். எப்படியும் என்னை உள்ளே கூப்பிடத்தான் போகிறார்கள் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் தமிழ்ப் பெண்தான். தெமியாங்கில் வீடு, இருபத்தைந்து வயது இருக்கும், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மெல்லிய உடம்பு, அதைவிட மெல்லிய குரல். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொண்டைக்கே மசியாதவள் இந்தக் கொசு சத்தத்துக்கா மசியப் போகிறாள் என்று நினைத்தேன்.

டீச்சர் குரலைப் பயன்படுத்தவே இல்லை. சுவரில் நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது, பள்ளிச் சப்பாத்தில் கயிற்றுக்குப் பதிலாக வரும் ஒட்டுப்பட்டை மாதிரி. அதில் மேலிருந்து கீழாக அட்டைகள். பை, நாற்காலி, வண்ணப் பென்சில், சாப்பாட்டு டப்பா, கக்கூஸ், பஸ். ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. டீச்சர் முதல் அட்டையை விரலால் தொட்டு, என் மகளின் பையைத் தொட்டு, சுவரில் இருந்த கொக்கியைத் தொட்டார். மாட்டி முடித்ததும் அட்டையை ‘கிர்’ரென்று பிய்த்து, ‘ஹாபிஸ்’ என்று எழுதிய பெட்டிக்குள் போட்டார். முடிந்தது என்று அர்த்தம். அந்தக் ‘கிர்’ என் மகளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது நாள் அட்டையைத் தானே பிய்த்தாள். நான்காவது நாள் வகுப்புக்குள் நுழைந்தாள், அட்டையைப் பார்த்தாள், பையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள்.

எட்டு வருஷமாக அவள் போட்டதையெல்லாம் குனிந்து குனிந்து எடுத்தவள் நான். ‘எடுத்து வைடி, எடுத்து வைடி’ என்று கத்திக் கத்தி என் தொண்டை புண்ணானது. இந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. என் காதில் புகை வந்தது. பெற்ற பிள்ளை பையை மாட்டியதைப் பார்த்து எந்தத் தாய்க்காவது வயிறு எரியுமா என்று கேட்பீர்கள். எனக்கு எரிந்தது. சந்தோஷமும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது எரிச்சல்தான்.

அந்த வாரக் கடைசியில் இன்னொன்று பார்த்தேன். மணி அடித்ததும் என் மகள் டீச்சரின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டு போனாள். பவுடர் வாசனை கையாக இருக்கும், நகரத்துக் கை. முகர்ந்தாள், உதறவில்லை. இன்னொரு தடவை முகர்ந்தாள். நான் பெஞ்சைவிட்டு எழுந்து, பஸ் போயிடும் டீச்சர் என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

வீட்டுக்கென்றும் டீச்சர் ஒரு பட்டை செய்து கொடுத்தார். எழுந்திரு, பல் விளக்கு, குளி, சட்டை போடு என்று நான்கு அட்டை. நான் அதைச் சமையலறை ஆணியில் மாட்டி அதன்மேல் துண்டைப் போட்டு வைத்தேன். கண்ணில் படாமல் போகட்டும் என்றுதான். என் வீட்டுக்காரர் துண்டை எடுக்கப்போய்ப் பட்டையைப் பார்த்துவிட்டார். மறுநாள் அவர் ‘குளி’ அட்டையைக் காட்ட, அவள் நேராகக் குழாயடிக்குப் போய் நின்றாள். தினமும் அவளைக் குளிக்க வைக்க நான் போடுகிற கூச்சலில்தான் எங்கள் வரிசையே எழுந்திருக்கும்.

“இனிமே உனக்குத் தொண்டை மிச்சம்லா,” என்று சிரித்தார்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிப்பக்கம் நின்று இதைப் பார்த்துவிட்டு, “பரவால்லயே புள்ள, டீச்சரு கைக்கு அடங்கிப் போச்சே. ஒனக்கு இத்தன வருசம் தெரியாமப் போச்சு பாரு,” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். நான் அன்றைக்கு அவருக்குச் சாம்பார் கொடுக்கவில்லை.

என்னை இன்னொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஆட்களுக்கும் அட்டை வைத்திருந்தார். போட்டோ எடுத்து வெட்டி ஒட்டிய முகங்கள். டீச்சருக்கு ஒன்று, தலைமையாசிரியருக்கு ஒன்று, பள்ளித் தோட்டக்காரருக்கு ஒன்று, பஸ் டிரைவருக்குக்கூட ஒன்று. எனக்கு இல்லை. பஸ் டிரைவர் முகம் சுவரில் இருக்கிறது, பெற்றவள் முகம் இல்லை. ஏன் என்று கேட்க வாய் வரை வரும். கேட்டால் எனக்குக் குறை என்று ஆகிவிடும், அதனால் கேட்கவில்லை.

மூன்றாவது மாதத்தின் முதல் வாரக் கடைசியில்தான் அந்தக் கை வந்தது.

என் மகள் வகுப்பில் ஒரு சீனப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு நீளமான முடி, இவளுக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடுவது இழுப்பதில் முடியும். டீச்சர் தன் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, வெட்டி, சிவப்பு வண்ணம் பூசி, அட்டையில் ஒட்டியிருந்தார். விரித்த உள்ளங்கை. நிறுத்து என்று அர்த்தம். முடியைப் பிடித்த நேரத்தில் அந்த அட்டையை அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

என் மகள் முடியை விட்டாள். இரண்டு கையையும் குவித்தாள். கண்ணை மூடினாள். நெற்றியை முன்னால் நீட்டினாள்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்த விநாடியே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு முருகன் வேலாயுதத்தை இடது கையில் பிடித்திருப்பார், வலது கையை விரித்து உயர்த்தியிருப்பார், அஞ்சாதே என்று சொல்லும் கை. காலண்டர் அச்சில் அந்த உள்ளங்கை நல்ல சிவப்பு. டீச்சர் காட்டியது நிறுத்து அல்ல, சாமி. என் பிள்ளை கும்பிட்டுவிட்டுத் திருநீற்றுக்காக நின்றாள்.

திருநீறு வரவில்லை. நின்றாள், நின்றாள், கண்ணைத் திறந்து பார்த்தாள். சாமி காட்டிவிட்டு நெற்றியில் ஒன்றும் வைக்காமல் விட்டால் அவள் உலகம் பாதியில் நின்றுபோன மாதிரி. அலறிக்கொண்டு தன் இடது மணிக்கட்டைக் கடித்தாள்.

எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னலில் நின்றபடியே சொல்லியிருக்கலாம், என் தொண்டைக்கு அது ஒரு வேலையே இல்லை. நான் சொல்லவில்லை. மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? எல்லாம் தெரிந்த டீச்சரம்மாவுக்கு இது தெரியவில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த எண்ணம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் டீச்சர் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். மகளின் மணிக்கட்டில் மருந்து தடவியிருந்தார்.

“அக்கா, அந்தக் கை அட்டையக் காட்டுனா கும்பிடுறா. ஏன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

“தெரியலயே டீச்சர். வீட்ல இப்படிலாம் செய்ய மாட்டாளே.”

அவர் இன்னும் மெல்லிய குரலில் கேட்டார்: “தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. வீட்ல யாராச்சும் கை ஓங்குவீங்களா? அடிக்காதீங்கன்னு கெஞ்சுறாளோன்னு எனக்குப் படுது.”

அவ்வளவுதான், எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அடித்ததே இல்லையா என்றால், அடித்திருக்கிறேன். அது என் வீட்டுக் கதை. ஆனால் கும்பிட்டுக் கெஞ்சும்படி நான் என் பிள்ளையை அடித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் குற்றவுணர்ச்சி இருந்ததென்றால் அந்தக் கேள்வியோடு அதுவும் போயிற்று. உனக்குத் தெரியாமலே கிடக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

டீச்சரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. பயப்படுகிறாள் என்று நினைத்துக் கையைச் சின்னதாக வரைந்து பார்த்தார், என் மகள் கும்பிட்டாள். சிவப்பு பயமுறுத்துகிறதோ என்று ரோஸ் வண்ணம் பூசினார், அதற்கும் கும்பிட்டாள். தள்ளி நின்று காட்டினார், தள்ளி நின்றே கும்பிட்டாள். அட்டையை மாற்றினாரே தவிர கையை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் என் மகள் நெற்றியை நீட்டிக் காத்திருப்பாள், ஒன்றும் வராது, மணிக்கட்டு வாய்க்குப் போகும். நான் ஜன்னலுக்கு வெளியே ஜம்புப் பழத்தைப் பொறுக்கித் தின்றுகொண்டிருப்பேன்.

இப்படி மூன்று வாரம். கடித்த இடத்திலேயே கடித்துக் கடித்து அந்த இடம் ஆறாமல் போனது. வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டினேன். என் வீட்டுக்காரர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார்.

“டீச்சர்கிட்ட கேட்டியா, எதனால இப்படிக் கடிக்குதுன்னு?”

“கேட்டேன். அவங்களுக்கே தெரியலயாம்.”

‘அவங்களுக்கே தெரியலயாம்.’ அந்த ஒரு வரியை நான் தோட்டம் முழுக்கச் சொன்னேன். கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “என்னாதான் படிச்சாலும் பெத்தவ மாதிரி வருமா,” என்றார். அன்றைக்கு அவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பினேன். ராத்திரிச் சோற்றுக்கு என் மகள் இடது கையைத் தூக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பார்த்தேன். பார்த்துவிட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் முடிகிற நாளில் தலைமையாசிரியர் ஒரு ஃபைலோடு வகுப்புக்குள் வந்து பின் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் புறப்படும்போதே கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன், நல்லபடியாக நடக்க வேண்டும் என்று. நல்லபடியாக நடக்க வேண்டுமென்றால் நான் வாயைத் திறந்திருந்தால் போதும், அது எனக்கு அப்போதும் தோன்றவில்லை.

முதல் ஒரு மணி நேரம் தங்கம் மாதிரி இருந்தாள். பையை மாட்டினாள், உட்கார்ந்தாள், வண்ணம் அடித்தாள், அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பெட்டியில் போட்டாள். தலைமையாசிரியர் ஃபைலில் ஏதோ எழுதினார். அந்தச் சீனப் பிள்ளை அன்றைக்குப் பார்த்து இரட்டைச் சடை போட்டு வந்திருந்தாள். என் மகள் எழுந்து போய் ஒரு சடையைப் பிடித்தாள். டீச்சர் ஒரு விநாடி தயங்கினார். தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பிள்ளையோ அழுகிறது. வேறு வழியில்லாமல் அந்தச் சிவப்புக் கையை எடுத்துக் காட்டினார்.

சடையை விட்டாள். கை குவிந்தது. கண் மூடியது. நெற்றி முன்னால் வந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவள் எவ்வளவு நேரம் பொறுப்பாள் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாக அதை எண்ணிப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. கட்டுப் போட்ட மணிக்கட்டு வாய்க்குப் போனது. கட்டோடு சேர்த்துக் கடித்தாள். வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறியதைப் பார்த்தேன்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. செருப்பு வாசலிலேயே கழன்று போனது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொட்டலத்தைக் கிழித்து, அவள் நெற்றியில் திருநீற்றை அழுத்தித் தேய்த்தேன். கடித்தபடியே மூச்சு வாங்கினாள். வாயிலிருந்து மணிக்கட்டை மெல்ல எடுத்தாள். என் விரலைப் பிடித்து மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தாள். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வண்ணம் அடிக்க ஆரம்பித்தாள்.

தலைமையாசிரியர் அது என்ன என்று மலாயில் கேட்டார். டீச்சர் என் விரலில் இருந்த சாம்பலைப் பார்த்தார், தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவரும் தமிழ்ப் பெண்தானே, அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, சாலா சாயா சிகு என்றார். தப்பு என்னுடையது, சார். பிள்ளை நிறுத்தச் சொன்னதைக் கேட்காமல் இல்லை, நான் தப்பான படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன், இந்தப் படம் அவள் வீட்டில் கும்பிடுகிற படம், காயத்துக்குக் காரணம் நான்தான், பிள்ளை இல்லை என்று மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தலைமையாசிரியர் ஃபைலை மூடிக்கொண்டு, சரி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தேடினேன்.

மணி அடித்தபின் டீச்சர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பேன்.

“எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்க்கா?”

பொய் சொல்லத் தோன்றியது. இன்றைக்குத்தான் பளிச்சென்று பட்டது என்று சொல்லலாம், நம்பிவிடுவார். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் என் மகள் உட்கார்ந்து, புதிதாகப் போட்ட கட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொத நாள்லேர்ந்து,” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக நானே கேட்டேன், அப்போதும் கேட்கக்கூடாததை. “செவுத்துல எல்லாரு மொகமும் இருக்கு. பஸ் டிரைவரு மொகம்கூட இருக்கு. எனக்கு மட்டும் ஏன் அட்ட இல்ல டீச்சர்?”

அவர் முகத்தில் முதல் முறையாக ஆச்சரியத்தைப் பார்த்தேன். “அட்டை அவளுக்குத் தெரியாததுக்குத்தான்க்கா. யாரு வரப்போறாங்க, என்ன நடக்கப்போவுதுன்னு அவளுக்குப் புரியாததுக்கு. உங்கள அவளுக்குத் தெரியுமே.”

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டோம்.

மறுநாள் டீச்சர் ஒரு வெள்ளை அட்டையும் பென்சிலுமாக வந்து, வீட்டில் அவள் தானாக நிற்கிற இடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்து வாசலில் சிவப்பும் வெள்ளையும் பூசிய தடுப்பு மரம் ஒன்று குறுக்கே கிடக்கும். காவல்காரர் தூக்கினால்தான் லாரி உள்ளே வரும். பக்கத்தில் ஆள் போகிற சந்து இருந்தாலும் என் மகள் அந்த மரம் உயரும்வரை அசையமாட்டாள். நான் சொல்லச் சொல்ல டீச்சர் வரைந்தார். அந்த அட்டையைக் காட்டினால் என் மகள் கையிலிருப்பதை விட்டுவிட்டு நிற்பாள். அட்டையை மேலே தூக்கினால் நடப்பாள். பார்க்க வந்த இன்னொரு பள்ளி டீச்சரிடம், இது அம்மா சொன்னது என்று டீச்சர் என்னைக் காட்டினார். அந்த நேரத்தில் எனக்கு வந்த கர்வத்தைச் சொன்னால் நீங்கள் என்னை அடிப்பீர்கள். பொறாமை அதற்குப் பிறகும் போய்விடவில்லை, டீச்சர் கையை அவள் முகரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே உட்காருவதை நிறுத்திவிட்டு நான் மறுபடி மரம் சீவப் போனேன்.

அந்தச் சிவப்புக் கையை டீச்சர் தூக்கிப் போடவில்லை. இது உங்க வீட்டோடது என்று என்னிடமே கொடுத்துவிட்டார். சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். வீடு மாறி ரசா பக்கம் வந்தபோதும் கூடவே வந்தது. சாயம் போய் இப்போது ஒரு மாதிரி பழுப்பாக இருக்கிறது.

என் மகளுக்கு இன்று தலையில் இரண்டொரு நரை தெரிகிறது. என் தொண்டையும் போய்விட்டது, கூப்பிட்டால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்பதில்லை. விளக்கு வைத்ததும் அவளாகவே வந்து நிற்கிறாள். கையைக் குவிக்கும்போது சட்டைக் கை கீழே இறங்கி இடது மணிக்கட்டு என் கண்ணுக்கு நேரே வருகிறது. பல் பதிந்த இடம் இன்னும் வெளுத்துத் தெரியும். திருநீறு எடுக்கிறதுக்குள் தினமும் அதைப் பார்த்தாக வேண்டும். அந்தக் கும்பிடு நான் கற்றுக்கொடுத்தது. அந்தத் தழும்பும் நான் கொடுத்ததுதான்.